முப்பதாண்டு கேட்பாரற்றுக் கிடந்த கேள்வி

1935ஆம் ஆண்டு மே மாதத்திலே 'பிசிக்கல் ரிவியூ' என்னும் அமெரிக்கப் பௌதிக சஞ்சிகையில் நான்கு பக்கக் கட்டுரையொன்று வெளிவந்தது. அதனை எழுதியோர் மூவர். பிறின்ஸ்ரன் நகரிலே அடைக்கலம் புகுந்திருந்த ஐன்ஸ்ரைனும், அவருடன் பணியாற்றிய பொடொல்ஸ்கி, ரோசன் என்போருமே அவர்கள். அணுவுலகை விளக்க வந்த குவாண்டம் கொள்கை பூரணமானதுதானா என்பதே அவர்கள் எழுப்பிய வினா.

ஓரிடத்திற் பிறந்து இரு திசைகளிற் பிரிந்து செல்லும் இரு துணிக்கைகளை எண்ணிக்கொள்வோம். அளந்து பார்க்கும் வரையில் அவற்றுள் எதற்கும் திட்டமான குணம் இல்லை என்கிறது அக்கொள்கை. ஆனால், ஒன்றை இங்கே அளந்த மாத்திரத்தில், எத்தனை காததூரத்தில் இருப்பினும் மற்றையதன் குணமும் நிச்சயமாகிவிடுகிறது. இஃது எங்ஙனம் கூடும்? பிரியும்போதே அவை தத்தம் குணத்தை உடன்கொண்டு சென்றிருத்தல் வேண்டும். அதனைக் கூறாத கொள்கை குறையுடையது என்பது ஐன்ஸ்ரைனின் கட்சி. டென்மார்க்கு அறிஞர் நீல்ஸ் போர் அவ்வாண்டிலேயே மறுப்பு எழுதினார். இந்த நிலைக்குப் 'பின்னிப் பிணைதல்' என்று பொருள்படும் பெயரை இட்டவர் சுரோடிங்கர்.

அதன்பின் நடந்ததுதான் விசனத்துக்குரியது. போரின் மறுப்பைப் படித்து விளங்கிக்கொண்டோர் எத்தனை பேரோ, விவகாரம் தீர்ந்தது என நம்பியோர் மிகப் பலர். மறைந்த குணங்கள் இருத்தல் இயலாதென வொன் நியூமன் என்னும் கணித மேதை 1932இல் நிரூபித்துவிட்டார் என்றும் சொல்லிக்கொண்டனர். அந்த நிரூபணத்தில் ஓட்டை உண்டு என்று கிறேற்றே ஹேர்மன் என்னும் ஜெர்மன் பெண்மணி 1935இலேயே எழுதியிருந்தார். அதைப் பொருட்படுத்துவாரில்லை. இக்கேள்வி தத்துவ சாஸ்திரிகளுக்கு உரியது, பௌதிகனுக்குக் கணக்கே வேலை என்ற எண்ணம் சர்வகலாசாலைகளில் ஊறிவிட்டது. 1955இல் ஐன்ஸ்ரைனும் காலமானார்.

பெல்பாஸ்ற் நகரில் 1928இல், வசதி குறைந்த குடும்பமொன்றிற் பிறந்தவர் ஜோன் பெல். ஆய்வுகூட உதவியாளராக வேலை பார்த்த பின்னரே சர்வகலாசாலை மாணவரானார். 1960 முதல் ஜெனீவாவிலுள்ள ஐரோப்பிய அணு ஆராய்ச்சி நிலையத்திற் கடமையாற்றினார். சம்பளம் வாங்கியது வேறு வேலைக்கு. இந்தக் கேள்வியை ஓய்வு நேரத்தில் வைத்துக்கொண்டார். 1964இல், விடுப்பெடுத்து அமெரிக்கா சென்றிருந்த காலத்தில், ஆறு பக்கங்களில் ஒரு கட்டுரை எழுதிப் புதிய சஞ்சிகையொன்றுக்குக் கொடுத்தார். அச்சஞ்சிகையோ சில ஆண்டுகளிலேயே நின்றுபோயிற்று.

தாம் கண்டதைப் பெல் 1981இல் ஓர் உவமையால் விளக்கினார். அவருடைய நண்பர் பேட்ல்மன் இரு கால்களிலும் வெவ்வேறு நிறக் காலுறை அணிபவர். ஒரு காலிலே இளஞ்சிவப்பைக் கண்டால் மற்றக் காலில் அந்நிறம் இல்லையென்று உடனே சொல்லிவிடலாம். காலையில் அணியும்போதே நிச்சயமான காரியம். இதில் அதிசயம் என்ன? துணிக்கைகளும் அவ்வாறே எனின், இரு புறமும் அளக்குந் திசைகளை மாற்றி மாற்றிப் பார்க்கும்போது, முடிவுகளின் ஒற்றுமைக்கு ஓர் எல்லை உண்டு எனப் பெல் நிறுவினார். 1969இல் பிறர் திருத்தியமைத்த வடிவில் அவ்வெல்லை 2. குவாண்டம் கொள்கைப்படி அது ஏறக்குறைய 2.83 வரை போகலாம். இனி வாதம் வேண்டாம், அளந்தே பார்க்கலாம் என்றாயிற்று.

அளக்க முன்வந்தவர் ஜோன் கிளௌசர். கொலம்பியாவில் மாணவராயிருந்தபோது அக்கட்டுரையைக் கண்டெடுத்தவர். வீண் வேலை என்று பெரியோர் தடுத்தனர். பேர்பெற்ற பைன்மன் தம்மை அறையை விட்டே துரத்தினார் என அவர் பின்னாளிற் கூறியுள்ளார். 1972இல் பேர்க்லியிலே, பிரீட்மன் என்னும் மாணவருடன், கழித்துவிடப்பட்ட கருவிகளையும் தேடிச் சேர்த்து, கல்சிய அணுக்கள் உமிழும் ஒளித்துணிக்கைச் சோடிகளை ஏறத்தாழ 200 மணித்தியாலம் எண்ணினார். ஐன்ஸ்ரைனே வெல்வார் என எதிர்பார்த்திருந்தவர் அவர். எண்ணிக்கை மறுபக்கம் சாய்ந்தது. இத்தனை செய்தவருக்குப் பேராசிரியர் பதவி கிட்டவில்லை.

பிரான்சிய இளைஞர் அலன் அஸ்பே இதே பரிசோதனையை மேலும் செம்மையாகச் செய்ய எண்ணி ஜெனீவா சென்று பெல்லைக் கண்டார். பெல் முதலிற் கேட்டது, "நிரந்தர உத்தியோகம் உண்டா?" என்பதே! உண்டு என்று அறிந்த பிறகே பேச்சு நடந்தது. 1982இல் பாரிசுக்கு அண்மையிலுள்ள ஓர்சேயில், 12 மீற்றர் இடைவெளியில் இரு அளவுகருவிகளை அமைத்து, ஒளி பறந்துகொண்டிருக்கும்போதே அளக்குந் திசையை மாற்றினார் அஸ்பே. ஒரு செக்கனின் பத்துக்கோடியில் ஒரு பங்குக்கு ஒருமுறை மாற்றம்! எல்லை அப்போதும் மீறப்பட்டது. 2015இல் ஒல்லாந்தின் டெல்வ்ற் நகரில் 1.3 கிலோமீற்றர் இடைவெளியிலும், 2017இல் சீனச் செயற்கைக்கோள் வழியாக 1,200 கிலோமீற்றருக்கு அப்பாலும் அதே முடிவே கிடைத்தது.

இதனைக்கொண்டு ஒளியிலும் விரைவாகச் செய்தி அனுப்பலாம் என மேடைகளிற் பேசுவோர் உளர். அது பிழை. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொரு புறத்திலும் தாறுமாறான முடிவுகளே தோன்றும். இரு பட்டியல்களையும் சாதாரண வழியில் ஒன்றுசேர்த்து ஒப்பிடும்போதுதான் ஒற்றுமை புலப்படும். இரகசியம் காக்கும் தந்தி முறைகளுக்கு அது பயன்படுகிறது என்பது வேறு விடயம்.

2022இல் அஸ்பே, கிளௌசர், ஒஸ்திரிய நாட்டுச் சைலிங்கர் மூவருக்கும் பௌதிகத்துக்கான நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. கிளௌசருக்கு அப்போது வயது 79. அவருடன் எண்ணிய பிரீட்மன் 2012இலும், ஜோன் பெல் 1990இலும் காலமாகியிருந்தனர்.