ஓ.பி.டி.

எஃப்-1 விசாவில் அமெரிக்காவில் படித்துப் பட்டம் பெறும் அயல்நாட்டு மாணவர், தம் துறை சார்ந்த வேலையில் 12 மாதங்கள் பழகுவதற்கான அனுமதி ஓ.பி.டி. எனப்படும். ஆப்ஷனல் பிராக்டிகல் டிரெய்னிங் என்பதன் சுருக்கம் இது. தனி விசா அன்று. மாணவர் விசாவே தொடர்கிறது. சம்பளம் பெற்றாலும் இது பயிற்சியே.

ஓ.பி.டி.யை ஏற்படுத்திய சட்டம் எதுவும் இல்லை. முழுவதும் நிர்வாக விதிகளாலேயே வளர்ந்தது. கல்வி நிறுவனம் பரிந்துரைத்தால் மாணவர் ஆறு மாதம் வேலை பார்க்கலாம், அதை இருமுறை நீட்டிக்கலாம் என்றது 1947ஆம் ஆண்டு விதி. படிப்பதற்காக மட்டுமே வருபவரே மாணவர் என்று 1952ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் வரையறுத்த பிறகும் செய்முறைப் பயிற்சி நிற்கவில்லை. பின்னாளைய வழக்குகளுக்கெல்லாம் வித்து ‘படிப்பதற்காக மட்டுமே’ என்ற இந்த ஒரு சொற்றொடர்தான். 1992ஆம் ஆண்டு விதி ஓ.பி.டி.க்கு 12 மாத வரம்புடன் இன்றைய வடிவம் தந்தது.

ஓ.பி.டி. முடிந்தபின் தொடர்ந்து வேலை பார்க்க உதவும் எச்-1பி விசாக்களுக்கு ஆண்டு வரம்பு 85,000. விண்ணப்பங்கள் அதை மிஞ்சியதால் குலுக்கல் வந்தது, ஓராண்டு ஓ.பி.டி.க்குள் பெயர் விழாதவர் மூட்டை கட்ட வேண்டியதாயிற்று. 2008 மார்ச்சில் பில் கேட்ஸ் நாடாளுமன்றக் குழுவின் முன் இதைச் சொல்லிக் கால நீட்டிப்பு கோரினார். ஏப்ரலிலேயே அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதப் பட்டதாரிகளுக்கு 17 மாத நீட்டிப்பு வந்துவிட்டது. அரசு இவ்வளவு விரைந்து செயல்படுவது அபூர்வம். அந்த அவசரமே வினையாயிற்று. பொதுமக்கள் கருத்தைக் கேட்காமல் கொண்டுவந்த விதி செல்லாது என 2015இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முறைப்படி கருத்துக் கேட்டு, 2016இல் 24 மாதமாகவே கூட்டினார்கள். 2022இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஓ.பி.டி. சட்டப்படி சரியே என்றது. மறு ஆண்டு உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்துவிட்டது.

மாணவர் முதலில் கல்லூரியின் அயல்நாட்டு மாணவர் அலுவலரிடம் ஐ-20 படிவத்தில் பரிந்துரை பெற்று, ஐ-765 விண்ணப்பத்தை அனுப்ப வேண்டும். வேலை அனுமதிச் சான்றான இ.ஏ.டி. அட்டையில் உள்ள தொடக்க நாளிலிருந்து வேலையில்லா நாட்கள் கணக்கில் ஏறும். சனி, ஞாயிறும் சேர்த்தே 90 நாள்தான் பொறுப்பார்கள். வேலை கிடைக்காதவர்கள் வாரம் 20 மணி நேரம் சம்பளமின்றித் தன்னார்வப் பணி செய்து நாட்களைக் காத்துக்கொள்வதுண்டு. நீட்டிப்புக் காலத்தில் இதற்கு இடமில்லை. அப்போது சம்பளம் கட்டாயம். ஐ-983 பயிற்சித் திட்டத்தில் நிறுவனம் கையெழுத்திட வேண்டும்.

2023–24 கல்வியாண்டில் ஓ.பி.டி.யில் இருந்த 2,42,782 பேரில் 97,556 பேர் இந்தியர்கள். 2025 முதல் ஓ.பி.டி.யைக் குறைக்கும் பேச்சு அரசு வட்டாரத்தில் எழுந்துள்ளது.