பாடசாலைக்குச் செல்லும் வழி

வழிநடப்போரைப் பேணுதலைத் தருமங்களுள் ஒன்றாகக் கருதி, சுமையை இறக்கிவைத்து இளைப்பாறச் சுமைதாங்கியும், தாகந் தீர்க்கக் கேணியும், கால்நடைகள் உராய்ந்து தினவாற ஆவுரஞ்சிக்கல்லும் தத்தம் கைப்பொருளாலே அமைத்து வைத்தவர்கள் யாழ்ப்பாணத்து முன்னோர்கள். பருத்தித்துறையிலே, தும்பளை வீதி தன் ஊடே செல்லுமாறு கற்றூண்கள் நாட்டி மேலே கூரையிட்டுக் கட்டப்பட்ட தெருமூடிமடம், நடப்பவன் தன் வழியை விட்டு விலகாமலே நிழல் பெறவேண்டும் என்று எண்ணிய பேருள்ளத்துக்கு இன்றும் சாட்சியாக நிற்கின்றது.

அத்தருமம் சந்தைக்கும் கோயிலுக்கும் செல்வோரை முன்னிட்டு எழுந்தது. நாள்தோறும் தெருவில் இறங்கி நடக்கும் பாலர் கூட்டம் பெருகியதோ பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயாகும். 1816 இல் வந்த அமெரிக்க மிஷனரிமார் ஊர்தோறும் பள்ளிகளைத் திறந்தனர். 1824 இல் உடுவிலில் தொடங்கிய மகளிர் பாடசாலையிலே பெண்பிள்ளைகள் தங்கியிருந்து பயின்றனராதலின், வழிநடை அவர்களுக்கு இடராகவில்லை. 1848 இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1923 இல் தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கம் அப்பணியைக் கிராமங்கள்தோறும் விரித்தது. இரு சமயத்தாரின் போட்டியால் விளைந்த பெருநன்மை யாதெனில், யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுட் பலருக்குக் கால்நடையாகச் சென்று சேரும் தூரத்திலேயே ஒரு பாடசாலை வாய்த்தமையாகும். ஆயினும், தீண்டாமையின் பேரால் ஒதுக்கப்பட்ட சமூகங்களின் பிள்ளைகளுக்கு, பள்ளி அருகிலிருந்தும் அதன் வாயில் நெடுங்காலம் தூரமாகவே இருந்தது. சம ஆசனம் கோரிப் போராடியவர்களையும், 1945 இல் வந்த இலவசக் கல்வியையும் நினையாமல் இவ்வரலாற்றைக் கூறுதல் நியாயமாகாது.

அக்காலத்துப் பிள்ளை நடந்த வழி பெரும்பாலும் ஒழுங்கையே. இருமருங்கும் கிடுகு வேலி. பூவரசும் கிளுவையும் கதியால்களாகத் தழைத்து நிழல் செய்யும். எதிரே வருவது மாட்டுவண்டியாகவோ துவிச்சக்கர வண்டியாகவோ இருக்கும். படலைதோறும் நின்று பார்ப்போர் உறவினராகவோ அறிந்தவராகவோ இருந்தமையின், ஒருவரும் நியமிக்காத காவலொன்று வழிநெடுகிலும் இருந்தது.

அக்காவலைப் போர் கலைத்தது. 1990 இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர, பாடசாலைகளும் பெயரை மட்டும் சுமந்துகொண்டு வேற்றூர்களுக்குச் சென்றன. ஒழுங்கைகளை மிதிவெடியும் சந்திகளைச் சோதனைச் சாவடிகளும் பற்றிக்கொண்டன. 1996 செப்டெம்பரில், பரீட்சை எழுதி வீடு திரும்பிய மாணவியொருத்தி செம்மணிச் சாவடியிலே படையினரால் மறிக்கப்பட்டுக் கொலையுண்டாள். அவளைத் தேடிச்சென்ற தாயும் தம்பியும் அயலவரும் அங்ஙனமே மாண்டனர். போர் ஓய்ந்த பின்னரும், 2015 மே மாதத்திலே, புங்குடுதீவில் பாடசாலைக்குப் புறப்பட்ட மாணவி வழியிலே கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டபோது, வடமாகாணமெங்கும் மாணவரும் பெற்றோரும் வீதியில் இறங்கி நீதி கேட்டனர். பிள்ளை செல்லும் வழியைக் காத்தல் பெற்றோரின் தனிக்கவலையன்று, சமூகம் முழுவதன் கடமை என்பதை அந்தத் துயரம் உணர்த்திற்று.

இன்று ஆபத்து வேறொரு ரூபம் கொண்டுள்ளது. அகலமாக்கப்பட்ட வீதிகளிலே வாகனங்கள் கடுவேகத்தில் ஓடுகின்றன. வேலிகள் நின்ற இடத்தில் உயர்ந்த மதில்கள் எழுந்தமையால், தெருவைப் பார்க்கும் கண்கள் குறைந்துவிட்டன. மாரிகாலத்திலே ஒழுங்கையில் தேங்கும் வெள்ளம் பிள்ளைகளைத் தார்வீதியின் நடுவுக்குத் தள்ளுகின்றது. 1990 இல் நின்றுபோன புகையிரதம் 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் மீண்டமை மகிழ்ச்சிக்குரியதேயெனினும், காவலற்ற கடவைகள் பல உயிர்களைப் பலிகொண்டுள்ளன.

அண்மையிலுள்ள பாடசாலையே சிறந்ததென அரசு போதிக்குமாயின், அதற்குச் செல்லும் வழியையும் சிறந்ததாக்குதல் அரசின் பொறுப்பேயாம். வீதி அபிவிருத்தி அதிகார சபை பிரதான வீதிகளிலே நடைபாதையும் பாதசாரிக் கடவையும் அமைக்கட்டும். பிரதேச சபைகள் ஒழுங்கைகளின் வெள்ளவாய்க்கால்களைத் திருத்தி விளக்கேற்றட்டும். புகையிரதத் திணைக்களம் பாடசாலையை அடுத்த கடவைகளுக்கு முதலிற் காவல் இடட்டும். கடல்கடந்து வாழும் பழைய மாணவர்கள் மண்டபத்துக்கும் நுழைவாயில் வளைவுக்கும் மனமுவந்து அனுப்பும் பொருளிலே ஒரு பங்கு, அவ்வளைவுக்கு வெளியே பிள்ளைகள் நடந்துவரும் வழிக்கும் செலவாகட்டும். ஏனெனில் அவ்வழியும் பாடசாலையின் ஒரு பகுதியே.