கிரிந்தி ஓயாவிலிருந்து லயத்து வாசல் வரை: ஊவாவின் சாலை வரலாறு

ஊவா மேட்டுநிலத்துக்குள் வண்டி ஏறுவதற்கு இயற்கை விட்டுவைத்த வாசல்கள் சிலவே. அவற்றுள் ஒன்று எல்ல. அங்கே மலைத்தொடர் பிளந்து வழிவிட, கிரிந்தி ஓயா தெற்கே இறங்குகிறது. வெல்லவாயச் சாலையும் இராவணா நீர்வீழ்ச்சியை ஒட்டி அதே பள்ளத்தாக்கில் வளைந்து இறங்குகிறது. மேற்கிலிருந்து வரும் பேராதனை–பதுளைச் சாலையோ கம்பளை, றம்பொடை, நுவரெலியா, வெலிமடை என்று ஏறி இறங்கி வருகிறது.

கால்நடையாகச் செல்வோரும் பொதிமாடுகளும் மட்டுமே போய்வந்த இத்தடங்கள் சாலைகளாக மாறியதற்கு முதற்காரணம் படை. 1817–18 ஊவா வெல்லஸ்ஸக் கிளர்ச்சியை அடக்கிய பிரித்தானியர், துருப்புகள் விரைந்து நகராத மலைநாட்டை ஆளமுடியாது என்பதை உணர்ந்தனர். இரண்டாவது காரணம் கோப்பி. பதுளையில் பதவி வகித்த மேஜர் தோமஸ் வில்லியம் ரோஜர்ஸ் ஊவாவின் சாலைகளை முனைந்து அமைத்தவர். 1845 ஜூன் 7 அன்று அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். அவர் நினைவாக எழுந்ததே பதுளை புனித மாற்கு தேவாலயம்.

கல்லுடைத்தவர்களுக்கு அப்படியொரு நினைவுச்சின்னம் இல்லை. 1832-இல் இராசகாரியம் என்ற கட்டாய ஊழியம் ஒழிந்தது. அதன்பின் தெருவேலைக்கு ஆட்பலம் தந்தவர்களில் தென்னிந்தியத் தமிழர் முக்கியமானவர்கள். 1848-இன் வீதிச் சட்டமோ 18 முதல் 55 வயது வரையான ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் சாலைவேலை செய்யவேண்டும், இல்லையேல் மூன்று ஷில்லிங் கட்டவேண்டும் என்றது. அவ்வாண்டுக் கிளர்ச்சியைத் தூண்டிய காரணங்களில் இதுவும் ஒன்று. சாலை வரலாற்றைப் பொறியாளர்களின் பெருமையாக மட்டும் எழுதுவது நேர்மையாகாது என்றே கருதுகிறேன்.

கோப்பி நோயில் அழிந்து தேயிலை வந்தபின் ரயிலும் வந்தது. 1894-இல் பண்டாரவளையை எட்டிய பாதை பதுளையைத் தொட்டது 1924-இல்தான். அந்த முப்பது ஆண்டுகளும் பசறை, மடுல்சீமைத் தோட்டங்களின் தேயிலைக்கு வண்டிச் சாலையே கதி.

இனித்தான் என் வாதத்தின் மையம். பெருஞ்சாலை அரசுடையது, அதிலிருந்து பிரியும் தோட்டத்து ரோட்டு துரையுடையது. அது கொழுந்து ஸ்டோருக்குப் போய்ச் சேர்வதற்காகப் போடப்பட்டது. தொழிலாளர் வாழும் வரிசை வீடுகளான லயங்களுக்குப் பெரும்பாலும் கிளைத்தடமே மிஞ்சியது. பிரசவ வலி கண்ட பெண்ணைத் தோட்டத்து லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன கதை மலையகத்தில் வீட்டுக்கு வீடு உண்டு.

1970-களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. அப்போதும் இந்தப் பிரிவினை மாறவில்லை. 1987-ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் அதை இன்னும் இறுக்கியது. அதன் 33-ஆம் பிரிவு காரணமாகச் சபைகள் தங்கள் நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிட முடியவில்லை. தோட்ட மக்கள் வாக்களித்தார்கள். அவர்கள் தெரிவுசெய்த உறுப்பினரால் அவர்களுடைய ரோட்டைச் செப்பனிட முடியவில்லை. 1992-இல் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் போனபோதும் இத்தடை அப்படியே நின்றது. பின்னர் 2018-இல் செய்த திருத்தமே சபை நிதி தோட்டங்களுக்குள் செல்ல வழிதிறந்தது. ஆயினும் நிலம் அரசுடையது, குத்தகை கம்பனியுடையது, பயணம் தொழிலாளியுடையது என்ற சிக்கலைத் திருத்தம் முற்றாகத் தீர்க்கவில்லை. ஒவ்வொரு டிவிஷனின் ரோட்டும் யார் பொறுப்பு என்பதைப் பிரதேச சபைப் பதிவேட்டில் எழுதிவைப்பதே அடுத்து ஆகவேண்டிய வேலை.