அடிபம்பில் அடைத்த காற்று



இந்தக் கட்டுரை ஒரு தொலைபேசி அழைப்பில் ஆரம்பித்தது. என் மாமா மகன் தென் கொரியாவில் வேலை பார்க்கிறான். போன குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேசும்போது ரொம்பப் புலம்பினான். அங்கே வீட்டைச் சூடாக்கத் தரைக்கு அடியில் வெந்நீர்க் குழாய் ஓடுமாம். அவன் அறையில் பாதித் தரை சூடாக இருக்கிறது, மீதிப் பாதி ஐஸ் மாதிரி இருக்கிறது. குழாயில் ஏதோ 'களக் களக்' என்று சத்தம் வேறு.

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த எங்கள் ஆயா (என் அப்பாவின் அம்மா) ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. "காத்து அடைச்சிக்கினு இருக்கும்டா. தண்ணி ஊத்தி அடிக்கச் சொல்லு" என்றார்.

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். கல்மண்டபத்தை விட்டு வெளியே அதிகம் போகாத ஆயாவுக்குக் கொரியா வீட்டுத் தரையைப் பற்றி என்ன தெரியும்? ஆனால் இரண்டு நாள் கழித்து அவனே கூப்பிட்டான். குழாய்க்காரர் வந்து பார்த்துவிட்டு, "உள்ளே காற்று சிக்கியிருக்கிறது" என்றாராம்! ஆயா சொன்னது அப்படியே சரி.

அன்றிலிருந்து எனக்கு ஒரே யோசனை. கடுங்குளிரில் இருக்கும் கொரியா வீட்டுக்கும், வியர்வையில் குளிக்கும் ராயபுரத்து வீட்டுக்கும் ஒரே வியாதி எப்படி வரும்? தேடிப் பார்த்தபோது கிடைத்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

தரையைச் சூடாக்கிய கதை

தரையைச் சூடாக்குவது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. பழைய ரோமானியர்கள் குளியல் கூடங்களின் தரையைச் சிறு தூண்கள் மேல் நிறுத்தி, அடியில் நெருப்பின் சூட்டை ஓடவிட்டார்கள். கொரியர்களின் பாரம்பரிய முறைக்கு 'ஓண்டோல்' என்று பெயர். சமையல் அடுப்பின் புகை கல் தரைக்கு அடியில் ஓடி, வீட்டின் மறுபக்கத்துப் புகைபோக்கி வழியாக வெளியேறும். அழகான யோசனை! ஆனால் பின்னாளில் விறகுக்குப் பதில் கரிக்கட்டி எரிக்க ஆரம்பித்ததும் ஆபத்து வந்தது. தரையில் விரிசல் விட்டால் கார்பன் மோனாக்சைடு அறைக்குள் கசியும். தூக்கத்திலேயே பலர் இறந்திருக்கிறார்கள்.

இதற்குத் தீர்வாகத்தான் புகைக்குப் பதில் வெந்நீர் வந்தது. அமெரிக்கக் கட்டடக் கலைஞர் பிராங்க் லாயிட் ரைட், ஜப்பானில் ஓண்டோல் முறையில் சூடாக்கிய அறை ஒன்றில் உட்கார்ந்து பார்த்து வியந்தவர். 1937இல் அவர் கட்டிய ஜேக்கப்ஸ் வீட்டில் தரைக்கு அடியில் குழாய்கள் பதித்தார். கொரியாவிலும் 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வெந்நீர்க் குழாய் பரவலானது.

புகை போனது. ஆனால் காற்று வந்தது! தண்ணீரில் எப்போதும் கொஞ்சம் காற்று கரைந்திருக்கும். தண்ணீர் சூடாகச் சூடாக அந்தக் காற்று வெளியே வரும் (பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கும் முன்பே அடியில் சின்னச் சின்னக் குமிழி வருமே, அதுதான்). அது குழாயின் உயரமான வளைவில் போய்த் தங்கும். தங்கிவிட்டால் வெந்நீருக்கு வழி இல்லை. பாதித் தரை ஐஸ்தான்.

ஒரு சுற்று, ஒரு பக்கெட்

என் மாமா மகன் வீட்டில் குழாய்க்காரர் என்ன செய்தார் தெரியுமா? சமையலறைத் தொட்டிக்கு அடியில் ஒரு குழாய்க் கொத்து இருக்கிறது. அதிலிருந்துதான் ஒவ்வொரு அறைக்கும் ஒரு சுற்றுக் குழாய் பிரிந்து போகிறது. எல்லா வால்வையும் மூடினார். ஒரே ஒரு சுற்றை மட்டும் திறந்தார். கடைசி முனையில் ஒரு ரப்பர் குழாய் மாட்டி அதைப் பக்கெட்டுக்குள் விட்டார். தண்ணீரை வேகமாகத் தள்ளினார். முதலில் புஸ்ஸென்று காற்று, பிறகு குமிழியும் தண்ணீரும் கலந்து, கடைசியில் சுத்தமான ஓட்டம். மூடிவிட்டு அடுத்த சுற்று.

ஏன் ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டும்? எல்லாவற்றையும் ஒன்றாகத் திறந்தால் தண்ணீர் சுலபமான வழியில் மட்டும் ஓடிவிடும். காற்று அடைத்த சுற்றுப் பக்கமே திரும்பாது. இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

ஏன் வேகமாகத் தள்ள வேண்டும்? குமிழிக்கு மேலே போகத்தான் ஆசை. குழாயோ கீழே இறங்குகிறது. தண்ணீர் நொடிக்குச் சுமார் அரை மீட்டராவது ஓடினால்தான் குமிழியைக் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டு போக முடியும். மெதுவாக ஓடினால் குமிழி உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கும்.

ஆயாவின் விஞ்ஞானம்

இப்போது எங்கள் வீட்டு வாசலுக்கு வருவோம். வாசலில் ஒரு சின்னப் பள்ளம். பள்ளத்துக்குள் இரும்பு அடிபம்பு. தெருக்குழாயில் தண்ணீர் வரும், ஆனால் தானாக மேலே ஏறும் அளவுக்கு அழுத்தம் இருக்காது. அதனால் குழாய்க்கு எவ்வளவு கிட்டே போக முடியுமோ அவ்வளவு கிட்டே போய் பம்பு வைத்திருக்கிறோம். வடசென்னை நண்பர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

விடியற்காலை நான்கு மணிக்கு ஆயா போய்க் கைப்பிடியை அழுத்துவார். 'புஸ்... புஸ்...' காற்றுதான். உடனே ஒரு சொம்புத் தண்ணீரை பம்பின் தலையில் ஊற்றுவார். சின்னச் சின்னதாக, வேகமாக அடிப்பார். 'களக் களக்' என்று சத்தம் மாறும். கைப்பிடி கனமாகும். "புடிச்சிக்கிச்சி" என்பார். பிறகு தண்ணீர்! முதல் பக்கெட் துரு நிறமாக வரும், அது வாசல் கழுவ. அடுத்தது துணிக்கு. அதற்கப்புறம்தான் குடம்.

ஒருமுறை நான் அந்தச் சொம்பை ஊற்றாமல் பலமாக அடித்தால் போதும் என்று நினைத்து அரைமணி நேரம் அடித்தேன். கை கொப்பளித்ததுதான் மிச்சம். என்ன காரணம்? பம்புக்குள் பிஸ்டனைச் சுற்றி ஒரு தோல் வாஷர் இருக்கிறது. ராத்திரியில் அது காய்ந்து சுருங்கிவிடும். அந்த இடைவெளி வழியாகக் காற்று உள்ளே வந்துகொண்டே இருக்கும். மேலும் காற்று ரப்பர் மாதிரி. இழுத்தால் நீளும், அழுத்தினால் சுருங்கும். நாம் அடிக்கும் அடி எல்லாம் அந்தக் காற்றை நீட்டிச் சுருக்கவே செலவாகிவிடும், கீழே இருக்கும் தண்ணீருக்குப் போய்ச் சேராது. சொம்புத் தண்ணீர் தோலை ஊறவைத்து இடைவெளியை அடைக்கிறது. அவ்வளவுதான் ரகசியம்!

பம்பு தண்ணீரை 'இழுக்கிறது' என்று நாம் சொல்வதே தப்பு. இதைக் கண்டுபிடிக்க உலகத்துக்கு ரொம்பக் காலம் ஆனது. சுமார் 10 மீட்டருக்கு மேல் பம்பு தண்ணீரை ஏற்றாது என்று கலிலியோ 1638இல் வெளியான தன் புத்தகத்தில் எழுதினார், ஆனால் சரியான காரணம் அவருக்குப் பிடிபடவில்லை. 1640களில் அவருடைய சீடர் டாரிசெல்லி பாதரசக் குழாயை வைத்து விடை சொன்னார். நம் தலைக்கு மேலே இருக்கும் காற்றின் எடைதான் தண்ணீரை மேலே தள்ளுகிறது. பம்பு செய்வதெல்லாம் உள்ளே இருக்கும் காற்றை அப்புறப்படுத்தி வழிவிடுவது மட்டுமே.

அதாவது வெளியே இருக்கும் காற்று நண்பன், உள்ளே இருக்கும் காற்று எதிரி.

காற்று எப்படி உள்ளே வந்தது?

இங்கேதான் நம்ம ஊர் வரலாறு வருகிறது.

சென்னையின் முதல் ஒழுங்கான குடிநீர்த் திட்டம் 1772இல் வந்த ஏழுகிணறு. கோட்டைக்குத் தண்ணீர் கொடுக்கப் போட்ட திட்டம் அது, ஊருக்கு இல்லை. ஊருக்கான திட்டம் வர இன்னும் நூறு வருடம் ஆனது. 1866இல் பிரேசர் என்ற பொறியாளர் கொசஸ்தலையாற்றுத் தண்ணீரைத் தாமரைப்பாக்கத்தில் தடுத்து, சோழவரம், செங்குன்றம் ஏரிகளுக்குத் திருப்பும் திட்டத்தை வகுத்தார். செங்குன்றத்திலிருந்து திறந்த வாய்க்காலில் கீழ்ப்பாக்கம் வரை வந்த தண்ணீர், 1872 முதல் வார்ப்பிரும்புக் குழாய்களில் நகருக்குள் பாய்ந்தது. அப்போது வடிகட்டலும் கிடையாது.

பிறகு வந்தவர் மேட்லி என்ற பொறியாளர். செங்குன்றத்திலிருந்து மூடிய கால்வாய், மணல் வடிகட்டிகள், நீராவி பம்புகள் என்று 1914இல் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் வந்தது. 1961இல் நகரத்தின் மக்கள்தொகை 6.6 லட்சம் இருக்கும், ஒருவருக்கு நாளைக்கு சுமார் 115 லிட்டர் என்று கணக்குப் போட்டிருந்தார்கள்.

1961 வந்தது. மக்கள்தொகை 17 லட்சத்தைத் தாண்டியிருந்தது!

6.6 லட்சம் பேருக்குப் போட்ட திட்டத்தில் 17 லட்சம் பேர். இடையில் 1944இல் பூண்டி ஏரி வந்தும் போதவில்லை. எல்லோருக்கும் எப்போதும் கொடுக்க முடியாதபோது என்ன செய்வார்கள்? நேரம் குறிப்பார்கள். வயலுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடுவது போல.

காற்று உள்ளே நுழைந்தது இந்த இடத்தில்தான் நண்பர்களே. இருபத்துநாலு மணி நேரமும் தண்ணீர் நிரம்பியிருக்கும் குழாயில் காற்றுக்கு இடமே இல்லை. விட்டு விட்டுத் தண்ணீர் விட்டால், தண்ணீர் வடிந்த இடத்தைக் காற்று பிடித்துக்கொள்கிறது. மறுநாள் தண்ணீர் வரும்போது அந்தக் காற்றை முன்னால் தள்ளிக்கொண்டு வருகிறது. காற்று திடீரென்று வெளியேறும் இடத்தில் தண்ணீர் சம்மட்டி மாதிரி மோதி இணைப்புகள் உடைகின்றன. காலியான குழாயை பம்பு உறிஞ்சும்போது விரிசல் வழியாகப் பக்கத்துச் சாக்கடையும் உள்ளே வரலாம். முதல் பக்கெட்டை ஆயா குடிக்க விடாததற்கு இதுவும் ஒரு காரணம்.

பெரிய குழாய்களில் இதற்கு ஏற்பாடு உண்டு. மேடான இடங்களில் காற்று வால்வு வைப்பார்கள். உள்ளே ஒரு மிதக்கும் பந்து. காற்று சேர்ந்தால் பந்து இறங்கி வழி திறக்கும், தண்ணீர் வந்தால் பந்து ஏறி மூடிக்கொள்ளும். 2004இல் வந்த வீராணம் குழாய் போன்ற நீளமான குழாய்களுக்கு (அது சுமார் 235 கிலோமீட்டர்!) இந்த வால்வு இல்லாமல் முடியாது. நெடுஞ்சாலை ஓரத்தில் இப்படிப்பட்ட வால்வு கசியும் இடத்தில் குடம் வைத்துப் பிடிப்பவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இதே வீராணத்துக்கு முன்பு ஒரு முறை முயற்சி செய்து 1970களில் கைவிட்டார்கள். அந்தப் பெரிய கான்கிரீட் குழாய்கள் வருடக்கணக்கில் சாலையோரம் கிடந்தன, அதற்குள் குடும்பங்கள் குடியிருந்தன. தண்ணீரே பார்க்காமல் காற்று மட்டுமே ஓடிய குழாய்கள் அவை.

பெரிய குழாய்க்கு வால்வு இருக்கிறது. தெருக் கோடி வீட்டுக்கு? அங்கே காற்று வால்வு வேலையைப் பெண்களின் கைகள்தான் செய்கின்றன.

கடைமடை

தண்ணீர் சுலபமான வழியில் ஓடிவிடும் என்று சொன்னேன் அல்லவா? தெருவிலும் அதே கதைதான். குழாய்க்குப் பக்கத்தில் இருப்பவர், பள்ளத்தில் இருப்பவர், மோட்டார் வைத்திருப்பவர் வீட்டுக்குத் தண்ணீர் முதலில் போகும். கடைசி வீட்டுக்கு மிஞ்சுவது புஸ்.

2003, 2004இல் ஏரிகள் வறண்டபோது மாதக்கணக்கில் புஸ் கூட வரவில்லை என்கிறார் ஆயா. லாரிதான். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் ஏறக்குறைய காய்ந்தபோது நானே குடத்தோடு வரிசையில் நின்றேன். 2010இல் எங்கள் வடக்குப் பக்கத்திலேயே, காட்டுப்பள்ளியில், நாளைக்கு 10 கோடி லிட்டர் கடல் நீரைக் குடிநீராக்கும் நிலையம் வந்தது. தெற்கே நெம்மேலியில் 2013இல் ஒன்றும் 2024இல் இன்னொன்றும் வந்தன. தண்ணீர் கூடியிருக்கிறது, உண்மை. ஆனால் விட்டு விட்டு வரும்வரை குழாயில் காற்றும் இருக்கும்.

கொரியாவில் குழாய்க்காரர் ஒருநாள் வந்து காற்றை எடுத்துவிட்டுப் போனார், வேலை முடிந்தது. அவன் வீட்டுக் குழாய் மூடிய சுற்று, காலியாவதே இல்லை. எங்கள் குழாய் தினமும் காலியாகிறது. அதனால் ஆயா தினமும் காற்று எடுக்கிறார், ஐம்பது வருடமாக. வலது தோளை இப்போது அவரால் காதுக்கு மேலே தூக்க முடியாது. டாக்டர் தேய்மானம் என்றார். பம்பின் வாஷரை வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறோம். தோளுக்கு வாஷர் கிடையாது.

இதைப் படித்த பிறகு நான் செய்த ஒரே நல்ல காரியம், நான்கு மணிக்கு அலாரம் வைத்தது. இப்போது நான்தான் அடிக்கிறேன். ஆயா பக்கத்தில் உட்கார்ந்து சத்தத்தை மட்டும் கேட்பார். எனக்குத் தெரியும் முன்பே அவருக்குத் தெரிந்துவிடும்.

"புடிச்சிக்கிச்சிடா. குடத்த எடு."