மூணு முறை வீடு மாறிய சென்னை கலங்கரை விளக்கம்... நாலு வீட்டையும் இன்னைக்கும் பார்க்கலாம்!

ஆலங்காயத்துல இருந்து கடல் ரொம்ப தூரம். ஆனா ஆம்பூர், வாணியம்பாடி தோலும் ஷூவும் தலைமுறை தலைமுறையா கப்பலேறினது சென்னையிலதான். அந்தக் கப்பல்களுக்கு ராத்திரியில் வழிகாட்டும் விளக்கு, 1796-ல இருந்து நாலு இடங்கள்ல இருந்திருக்கு தெரியுமா?

ஏன் விளக்கு தேவைப்பட்டது?

மெட்ராஸுக்கு இயற்கையான துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரைக்கு வராம கடல்லயே நங்கூரம் போடும். பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலா படகுகள்தான் அலையைத் தாண்டி ஆட்களையும் சரக்கையும் கொண்டுவரும். பிறகு கட்டின துறைமுகச் சுவர்களையும் 1881 புயல் உடைச்சுப் போட்டது. இப்படிப்பட்ட கரையில், இருட்டுல 'ஊர் இங்கேதான்'னு சொல்ல ஒரு வெளிச்சம் இல்லைன்னா உயிருக்கே ஆபத்து.

1. கோட்டை மாடி (1796)

புனித ஜார்ஜ் கோட்டைக்குள்ள இன்னைக்கு அருங்காட்சியகமா இருக்கும் கட்டடத்தின் மொட்டை மாடியில்தான் முதல் விளக்கு. எரிபொருள்? நம்ம தேங்காய் எண்ணெய்!

2. கருங்கல் தூண் (1844)

பூமி உருண்டை என்பதால், விளக்கு எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரத்துக்குத் தெரியும். அதனால சுமார் 38 மீட்டர் உயரத்தில் தனித் தூணே எழுப்பினாங்க. உயர் நீதிமன்ற வளாகத்தில் இப்பவும் நிமிர்ந்து நிற்குது.

3. நீதிமன்றக் கோபுரம் (1894)

பக்கத்திலேயே உயர் நீதிமன்றம் வந்ததும், அதன் உயரமான கோபுரத்துக்கு விளக்கு குடியேறியது. கீழே தீர்ப்பு, மேலே வெளிச்சம்! 1914 செப்டம்பர் 22 ராத்திரி, ஜெர்மானியக் கப்பல் எம்டன் மெட்ராஸ் மேல குண்டு வீசினப்போ, நீதிமன்றச் சுற்றுச்சுவரும் அடி வாங்கியது. கில்லாடி ஆளை 'அவன் பெரிய எம்டன்'னு சொல்றோமே, அந்த எம்டன்தான்.

4. மெரினா (1977)

இப்போ வேலை செய்யும் முக்கோண வடிவக் கோபுரம் இதுதான். உயரம் சுமார் 46 மீட்டர், உள்ளே லிஃப்ட்டும் உண்டு. 10 விநாடிக்கு இரண்டு முறை மின்னும். ஒவ்வொரு கலங்கரை விளக்கத்துக்கும் இப்படித் தனித் தாளம் இருக்கு. அதை எண்ணித்தான் மாலுமி 'இது சென்னை'னு கண்டுபிடிப்பார். ராஜீவ் காந்தி படுகொலைக்குப் பிறகு பாதுகாப்புக்காக மூடப்பட்டிருந்த கோபுரம், 2013 நவம்பர்ல மக்களுக்குத் திரும்பத் திறந்தது.

இன்னும் தேவையா?

ஜி.பி.எஸ் வந்த பிறகும் தேவைதான். கருவி பழுதானாலோ, படகுல சார்ஜ் தீர்ந்தாலோ, கண்ணால பார்த்து நம்பக்கூடியது இந்த வெளிச்சம் மட்டும்தான். மீன்பிடிக்கப் போறவங்களுக்கு இது வீட்டு வாசல் விளக்கு மாதிரி.

ஒரே நாள் பிளான்

வாணியம்பாடியில காலை ரயிலைப் பிடிச்சு சென்ட்ரல்ல இறங்குங்க. முதல்ல கோட்டை அருங்காட்சியகம். அடுத்து பாரிமுனைப் பக்கம் போனா, தூணையும் கோபுரத்தையும் வெளியில இருந்தே பார்க்கலாம். சாயங்காலம் மெரினா. பறக்கும் ரயில்ல 'கலங்கரை விளக்கம்'னே ஒரு ஸ்டேஷன் இருக்கு. அருங்காட்சியகத்துக்கு வெள்ளி, மெரினா கோபுரத்துக்கு திங்கள் விடுமுறை. நேரத்தை மட்டும் கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்துக்கோங்க!