மாலை ஆறு மணிக்கு மேல்

குடியை நிறுத்துவதென்று முடிவு செய்த ஒருவருக்கு இன்று கிடைக்கும் அறிவுரைகளுள் முதன்மையானது, "உடற்பயிற்சி செய், எதுவும் இயலாவிட்டால் நட" என்பதுதான். மருத்துவர் சொல்கிறார், மனைவி சொல்கிறார், மறுவாழ்வு இல்லங்களில் கால அட்டவணையிலேயே எழுதி வைத்திருக்கின்றனர். அறிவுரை நல்லதே. ஆயினும் அது எவ்வாறு வேலை செய்கிறது, எதுவரை வேலை செய்கிறது என்பதை அறிய வேண்டுமானால், நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் டப்ளின் நகரத் தெருக்களில் தனியாக நடந்து திரிந்த ஒரு கூலித் தொழிலாளியின் பின்னால் நாமும் சற்றுத் தொலைவு நடந்து பார்ப்பது நலம். அவர் பெயர் மாட் டால்பட். திருத்தந்தை ஆறாம் பவுல் 1975 ஆம் ஆண்டில் அவரை 'வணக்கத்திற்குரியவர்' என அறிவித்தார்.

அவர் பிறந்தது 1856 மே 2 ஆம் நாள், டப்ளினின் வடபகுதியில், பன்னிரண்டு பிள்ளைகள் பிறந்த ஓர் ஏழைக் குடும்பத்தில். அதே ஆண்டு டிசம்பரில்தான் அயர்லாந்தின் மதுவிலக்கு இயக்கத்தின் தந்தையெனப் போற்றப்பட்ட கப்புச்சின் துறவி, அருட்தந்தை தியோபால்டு மேத்யூ கண்மூடினார். 1838 ஏப்ரல் 10 அன்று கார்க் நகரில் அவர் குடிவிலக்கு உறுதிமொழி ஏட்டில் முதற் கையெழுத்திட்டபின், அயர்லாந்தில் ஊர் ஊராக மக்கள் திரண்டு வந்து அந்த உறுதிமொழியை எடுத்தனர். வாசிப்பு அறைகள் திறக்கப்பட்டன. குடிவிலக்குச் சங்கங்களுக்கென்றே இசைக்குழுக்கள் தோன்றித் தெருக்களில் அணிவகுத்துச் சென்றன. குடிப்பவனிடமிருந்து கோப்பையை வாங்கி வைத்துவிட்டால் மட்டும் போதாது, அந்தக் கைக்கும் காலுக்கும் வேறு வேலை கொடுக்க வேண்டும் என்று அவ்வியக்கத்தார் அறிந்திருந்தனர். பின்னர் 1845 இல் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பெரும் பஞ்சம் வந்தது. உறுதிமொழி எடுத்தவர்களுள் எத்தனையோ பேர் மாண்டனர், எத்தனையோ பேர் கப்பலேறினர், இயக்கமும் தளர்ந்தது.

அக்கரையில் இங்கிலாந்திலும் இதே எண்ணம் வேறு வடிவில் நடைபோட்டது. 1841 ஜூன் மாதத்தில் மரவேலை செய்யும் இளைஞர் ஒருவர், மதுவிலக்குக் கூட்டமொன்றில் பங்கேற்க மார்க்கெட் ஹார்பரோவிலிருந்து லெஸ்டர் நகருக்கு ஏறக்குறைய 24 கிலோ மீட்டர் கால்நடையாகச் சென்றார். வழியில் அவருக்கொரு யோசனை தோன்றியது: புகைவண்டியை வாடகைக்கு எடுத்துத் தொழிலாளர்களை மதுக்கூடங்களுக்கு அப்பால் அழைத்துச் சென்றால் என்ன? ஜூலை 5 அன்று சுமார் 500 பேர், தலைக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில், லெஸ்டரிலிருந்து லஃபரோவுக்குச் சென்று, தேநீர் அருந்தி, பூங்காவில் விளையாடித் திரும்பினர். அந்த இளைஞர்தான் தாமஸ் குக். பிற்காலத்தில் உலகெங்கும் சுற்றுலா நடத்திய நிறுவனத்தின் வேர் குடிமறுப்பில் இருந்தது என்பது பலர் அறியாத செய்தி.

மாட் டால்பட்டுக்கோ இசைக்குழுவும் இல்லை, பூங்காவும் இல்லை. பன்னிரண்டு வயதில் அவர் வேலைக்குச் சேர்ந்த இடம், மதுவைப் புட்டிகளில் அடைத்து விற்கும் வணிகர் ஒருவரின் கிடங்கு. அடுத்து வாய்த்த வேலை துறைமுகத்தின் விஸ்கிக் கிடங்கில். தேன் எடுப்பவன் புறங்கையை நக்காமல் இருப்பானோ? பதின்பருவத்திலேயே குடி அவரைப் பிடித்துக்கொண்டது. பிறகு கட்டடத் தொழிலில் சித்தாளாக இருந்து, செங்கல்லும் சாந்தும் தோளில் சுமந்து ஏணியேறினார். நல்ல உழைப்பாளி என்றே பெயரெடுத்தார். ஆனால் சனிக்கிழமை கிடைத்த கூலி அடுத்த சில நாள்களுக்குள் மதுக்கூடத்தில் கரைந்தது. காலணியைக்கூடக் கொடுத்துவிட்டுக் குடித்திருக்கிறார். தெருவில் பிடில் வாசித்துப் பிழைத்த ஒருவரின் பிடிலை நண்பர்களோடு சேர்ந்து திருடி, அதை விற்ற காசிலும் குடித்திருக்கிறார். திருந்திய பிறகு அந்த மனிதரைப் பல ஆண்டுகள் தேடினார். கண்டுபிடிக்க இயலாமற்போகவே, அவர் ஆன்மாவுக்காகத் திருப்பலிகள் ஒப்புக்கொடுக்கச் செய்தார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த மனிதருக்கு உடலுழைப்பில் குறையே இல்லை. நாள் முழுதும் சுமை தூக்கி ஏணியேறுவதைவிடக் கடுமையான பயிற்சி எது? உடலை வருத்தினால் குடி தானாக நீங்கும் என்பது உண்மையானால், உலகத்துச் சுமை தூக்குவோரும் மூட்டை சுமப்போரும் மீனவரும் குடியறியாதவராக அன்றோ இருக்க வேண்டும்! களைப்பே குடிக்கக் காரணமாகச் சொல்லப்படுவதை நாம் நம் தெருவிலேயே கேட்டிருக்கிறோம். ஆகவே டால்பட்டைக் காப்பாற்றிய நடையின் பயன் தசைகளின் இயக்கத்தில் மட்டும் இருந்திருக்க முடியாது. அது எந்த நேரத்தில் நிகழ்ந்தது, எந்த வழியாகச் சென்றது, எங்கே போய் முடிந்தது என்பவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

1884 ஆம் ஆண்டின் ஒரு சனிக்கிழமை. அவருக்கு வயது இருபத்தெட்டு. அந்த வாரம் முழுதும் வேலைக்குப் போகவில்லை; கையில் காசில்லை. கூலி வாங்கிக்கொண்டு வரும் நண்பர்களை எதிர்பார்த்து மதுக்கூடத்தின் அருகே தெருமுனையில் நின்றார். தன்னிடம் காசிருந்தபோதெல்லாம் அவர்களுக்கு வாங்கிக் கொடுத்தவர் அவர். நண்பர்கள் வந்தனர், பார்த்தனர், நலம் கேட்டனர், உள்ளே போயினர். ஒருவர்கூட "வா" என்று அழைக்கவில்லை. டால்பட் திரும்பி வீட்டுக்கு நடந்தார். உறுதிமொழி எடுக்கப் போவதாகத் தாயிடம் சொன்னார். காப்பாற்ற எண்ணமில்லையேல் எடுக்காதே என்று தாய் எச்சரித்து, கடவுள் பெயரால் போய்வரச் சொன்னார். கிளான்லிஃப் பகுதியிலிருந்த திருச்சிலுவைக் குருமடத்துக்குச் சென்று, ஒப்புரவு அருட்சாதனம் பெற்று, மூன்று மாதங்களுக்கு மட்டும் உறுதிமொழி எடுத்தார். வாழ்நாள் முழுவதற்கும் வாக்களிக்க அன்று அவருக்குத் துணிவில்லை. அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். முடியாததை மொத்தமாக வாக்களித்துவிட்டு மறுநாளே முறிப்பவர் எத்தனை பேர்!

அந்த மூன்று மாதங்கள்தாம் நம் பொருளுக்கு இன்றியமையாதவை. விடியற்காலையில் திருப்பலி, பகலில் வேலை. இவை இரண்டும் கடந்துவிடும். வேலை முடிந்து உறங்கப் போகும்வரை உள்ள மூன்று நான்கு மணி நேரத்தை என்ன செய்வது? வீட்டிலோ, தந்தையும் சகோதரர் பலரும் குடிப்பவர்கள். நண்பர்களென்று இருந்தவர்கள் எல்லாரும் மதுக்கூடத்தில். படிக்கலாமென்றால் பள்ளியில் அதிகம் கற்றவரல்லர். ஏழைத் தொழிலாளிக்கு அக்காலத்தில் மாலைப் பொழுதைக் கழிக்க வெளிச்சமும் வெப்பமும் உள்ள இடம், இருக்கையும் பேச்சுத்துணையும் கிடைக்கும் இடம், மதுக்கூடம் ஒன்றே. கூலியையே மதுக்கூடத்தில் வைத்துக் கொடுக்கும் வழக்கம் எவ்வளவு பரவியிருந்தது என்றால், அதைத் தடுக்க 1883 இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. குடியை விட்டவர் மதுவை மட்டும் இழக்கவில்லை; தாம் மாலையில் உட்காரும் இடத்தையே இழந்தார்.

ஆகவே அவர் நடந்தார். பகலெல்லாம் சுமந்த தோளோடு, பழைய நண்பர்கள் எதிர்ப்படாத தெருக்களாகத் தேடி நடந்தார். கால் ஓய்ந்தால் வழியிலுள்ள ஆலயமொன்றில் நுழைந்து அமர்ந்தார். ஒரு மாலை இந்த நடையே அவரைக் கவிழ்க்கப் பார்த்தது. சட்டைப்பையில் சில காசுகள் கிடந்தன. வழியில் மதுக்கூடம் ஒன்று திறந்திருந்தது. உள்ளே போய் நின்றுவிட்டார். பரிமாறுபவர் வேறு வாடிக்கையாளர்களைக் கவனிப்பதில் மும்முரமாக இருந்தார். இவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. காத்திருந்து பார்த்த டால்பட், மனம் புண்பட்டு வெளியேறி, கார்டினர் தெருவிலுள்ள இயேசு சபையினரின் ஆலயத்துக்குள் போய், கதவு அடைக்கும்வரை அங்கேயே இருந்தார். அன்று முதல் கையில் காசு வைத்துக்கொண்டு வெளியே போவதில்லை என்று முடிவு செய்தார். முதல் தடவை நண்பர்களின் புறக்கணிப்பு, இரண்டாம் தடவை பரிமாறுபவரின் புறக்கணிப்பு. இறையருள் சில வேளைகளில் மனிதரின் அலட்சியத்தையும் கருவியாக்கிக்கொள்கிறது போலும்.

அந்த ஆலயம் புனித பிரான்சிஸ் சவேரியாரின் பெயரால் அமைந்தது. நம் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் மணலில் நடந்து நம் முன்னோர்க்கு மறையுரைத்த அதே சவேரியார்தாம்.

அவர் மாலைதோறும் நடந்ததன் பயனை இன்றைய மருத்துவம் ஓரளவு விளக்குகிறது. குடிக்கும் வேட்கை ஒரே சீராக நாள் முழுதும் நீடிப்பதன்று. அலைபோல் எழும், உச்சம் தொடும், தணியும். பெரும்பாலும் சில நிமிடங்களில் அதன் வேகம் குறைந்துவிடும். அந்த நிமிடங்களில் உடல் இயங்கிக்கொண்டிருந்தால் வேட்கை தற்காலிகமாகத் தணிவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. உறக்கம் சீர்படுகிறது, மனச்சோர்வு குறைகிறது. குடியை விட்ட தொடக்க நாள்களில் இவ்விரண்டுமே பெருந்தொல்லைகள். ஆனால் உடற்பயிற்சி மட்டுமே ஒருவரை ஆண்டுக்கணக்கில் குடியாதிருக்கச் செய்யும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பல்லாண்டுகள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தும்போது வலிப்பும், நடுக்கத்தோடு கூடிய மனக்குழப்பமும் வரக்கூடும். தாமஸ் சட்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1813 இலேயே இந்நோய்க்குத் தனிப்பெயரிட்டு எழுதினார். அது உயிரையும் போக்கும். அத்தகையவருக்கு முதலில் வேண்டியது மருத்துவமனை. நடைப்பயிற்சி அதற்கு அடுத்ததே.

டால்பட்டின் மூன்று மாத உறுதிமொழி நீண்டது. பிறகு வாழ்நாள் முழுவதற்குமானது. புனித பிரான்சிஸ் அசிசியாரின் மூன்றாம் சபையில் சேர்ந்தார். மதுக்கூடங்களில் வைத்திருந்த பழைய கடன்களைத் தேடிச் சென்று அடைத்தார். மரக்கிடங்கில் வேலை, எளிய உணவு, மரப்பலகையில் உறக்கம் என்று நாற்பது ஆண்டுகள் கடந்தன. அவர் இறந்தபின் உடலில் சங்கிலிகள் காணப்பட்டன என்ற செய்தியே பலருக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. அந்தக் கடுந்தவத்தை யாவரும் பின்பற்ற வேண்டுமென்று திருச்சபை சொல்லவில்லை. எனக்கும் அந்தச் சங்கிலிகளைவிட அந்தக் காலியான சட்டைப்பைதான் நெருக்கமாகத் தோன்றுகிறது. குடியை விட முடியாதவரிடம் கடுமை காட்டக் கூடாது, அது இறந்தவரை எழுப்புவதற்கு ஒப்பான கடினம் என்னும் பொருள்பட அவர் சொன்னதாக அவர் வரலாற்றை எழுதியவர்கள் கூறுகின்றனர். வென்றவர் ஒருவர் தோற்றுக்கொண்டிருப்பவரைப் பற்றி இவ்வாறு பேசுவது அரிது.

அவர் வழக்கமாகப் போன அதே கார்டினர் தெருவில், 1898 டிசம்பரில், இயேசு சபையைச் சேர்ந்த அருட்தந்தை ஜேம்ஸ் கல்லன் இயேசுவின் திருஇருதயத்தின் பெயரால் முழுக் குடிவிலக்குச் சங்கமொன்றைத் தொடங்கினார். அதன் உறுப்பினர் சட்டையில் திருஇருதயச் சின்னம் அணிந்தனர். டால்பட்டோ 1925 ஜூன் 7, மூவொரு கடவுள் பெருவிழாவன்று, சாமிநாதர் சபையினரின் ஆலயத்தில் திருப்பலி காண நடந்துகொண்டிருந்தபோது கிரான்பி சந்தில் விழுந்து இறந்தார். வயது அறுபத்தொன்பது. கூடியவர்களுள் எவருக்கும் அவர் யாரென்று தெரியவில்லை.

பத்தாண்டுகள் கழித்து, அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து அக்ரன் நகரில், 1935 மே மாதத்தில், குடியை விட்டுச் சில மாதங்களே ஆன பில் வில்சன் என்ற வணிகர், தொழிலில் தோற்று, விடுதியின் முன்கூடத்தில் அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தார். ஒரு புறத்தில் மதுக்கூடத்தின் சிரிப்பொலி; மறுபுறத்தில் தொலைபேசியும் அதனருகே ஆலயங்களின் பெயர்ப்பட்டியலும். இறுதியில் அவர் கால்கள் தொலைபேசிப் பக்கம் நின்றன. அந்த அழைப்பின் வழியாக மருத்துவர் பாப் ஸ்மித்தைச் சந்தித்தார். இருவரும் தொடங்கியதே இன்று நம் பங்குகளிலும் கூடுகிற 'பெயர் கூறாக் குடிநோயாளர்' குழுமம்.

அதே அக்ரன் நகரின் புனித தோமையார் மருத்துவமனையில் 1939 ஆகஸ்டு முதல் அந்த மருத்துவருடன் சேர்ந்து குடிநோயாளரைக் கவனித்தவர் இக்னேசியா என்ற அருட்சகோதரி. அவரும் அயர்லாந்தில், மாயோ மாவட்டத்தில் பிறந்தவர். சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் ஒவ்வொருவர் கையிலும் திருஇருதயச் சின்னம் ஒன்றை அவர் வைப்பார். ஒரே ஒரு நிபந்தனை: மீண்டும் குடிக்க முடிவு செய்தால், முதற் கோப்பைக்கு முன், அந்தச் சின்னத்தைத் தம்மிடம் நேரில் வந்து திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். எந்த ஊரிலிருந்தாலும் சரி, மருத்துவமனை வாசல்வரை வந்தாக வேண்டும்.