இருப்புக் காட்டும் நிபந்தனையும் இருப்பற்ற குடும்பங்களும்: பிரிட்டன் செல்லும் மாணவர்களுக்கான வங்கி வழிகாட்டல்

1917இல் அண்ணல் அம்பேத்கர் இலண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் தாயகம் திரும்பினார். பரோடா சமஸ்தானம் வழங்கிய உதவித்தொகையின் காலம் முடிந்திருந்தது. சிடன்ஹாம் கல்லூரி ஊதியத்தில் சேமித்த பணம், கோலாப்பூர் சாகு மகராஜாவின் உதவி, நண்பர் நவல் பதேனா தந்த கடன் ஆகியவற்றைக் கொண்டே 1920இல் அவர் மீண்டும் கப்பலேறினார். நூறாண்டு கடந்தும் நம் மாணவர்கள் அதே இடத்தில்தான் தடுக்கி நிற்கின்றனர்.

பிரிட்டன் மாணவர் விசாவுக்கு, செலுத்தவேண்டிய கல்விக் கட்டணத்துடன் ஒன்பது மாத வாழ்க்கைச் செலவையும் வங்கி இருப்பாகக் காட்டவேண்டும். 2025 நவம்பர் முதல் அச்செலவு மாதத்திற்கு இலண்டனில் 1,529 பவுண்டு. பிற இடங்களில் 1,171 பவுண்டு. அத்தொகை தொடர்ந்து 28 நாள்கள் கணக்கில் குறையாதிருக்க வேண்டும். நிலமும் வீடும் உள்ளோர்க்கு இது ஒரு சடங்கு; கூலிக் குடும்பத்திற்கோ பெருஞ்சுவர்.

ஆயினும் அந்த 28 நாள்களுக்காகக் கந்துவட்டிக்கு வாங்க வேண்டியதில்லை. அங்கீகாரம் பெற்ற வங்கியின் கல்விக்கடன் ஒப்புதல் கடிதம் விண்ணப்பத்திற்கு முந்தைய ஆறு மாதங்களுக்குள் பெறப்பட்டிருந்தால் இந்நிபந்தனை பொருந்தாது. அரசு உதவித்தொகை கட்டணத்தையும் வாழ்க்கைச் செலவையும் முழுமையாக ஏற்பின், அக்கடிதமே சான்றாகும். குறையும் தொகையை மட்டும் நாம் காட்டவேண்டும்.

கடனிலும் சாதியின் நிழல் உண்டு. மைய அரசின் கடன் உத்தரவாத நிதியின்கீழ் 7.5 லட்சம் ரூபாய் வரை பிணையின்றிக் கல்விக்கடன் வழங்க இயலும். அதற்கு மேல் வங்கிகள் பொதுவாகச் சொத்துப் பிணை கேட்கின்றன. தலைமுறைகளாக நிலம் மறுக்கப்பட்டோரிடம் பத்திரம் கேட்பது, பழைய விலக்கலின் புதிய வடிவமே. மறுப்பு எதுவாயினும் எழுத்தில் கேட்டுப் பெறுவோம். முறையீட்டுக்கு அதுவே ஆதாரம்.

சென்றபின் கவனிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, அங்கு கணக்குத் தொடங்க, முகவரியைக் குறிப்பிடும் பல்கலைக்கழகக் கடிதத்தை வந்தவுடன் கோருக. கணக்குத் திறக்கும்வரை அந்நியச் செலாவணி அட்டை கைகொடுக்கும்.

இரண்டாவது, 2003இல் ரிசர்வ் வங்கி அளித்த விளக்கத்தின்படி, படிக்கச் செல்வோரும் வெளிநாடுவாழ் இந்தியராகவே கருதப்படுவர். எனவே, ஊரிலுள்ள சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றவேண்டும்.

மூன்றாவது, "உன் கணக்கில் பணம் வரும், எடுத்துக் கொடு, பங்கு தருகிறோம்" என்பாரை நம்பலாகாது. அது பணமோசடி. கணக்கு முடக்கப்படும், மோசடித் தடுப்புப் பதிவேட்டில் பெயர் ஆறாண்டுகள் நிற்கக்கூடும், சிறைத்தண்டனையும் நேரலாம். பணமுடையில் இருப்போரையே இவ்வலை தேடுகிறது.

ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை, பட்டியல் சாதியினர் உள்ளிட்டோர்க்குப் பிரிட்டனில் ஆண்டு வாழ்க்கைப் படியாக 9,900 பவுண்டு நிர்ணயித்துள்ளது. இலண்டனில் ஒன்பது மாதத்திற்கே 13,761 பவுண்டு தேவையென பிரிட்டன் அரசு கணக்கிடுகிறது. இடைவெளியைப் பகுதிநேர வேலையால் நிரப்பலாம் என்பர். பட்டப் படிப்பு மாணவர்க்குக் கல்விப் பருவத்தில் வாரம் 20 மணி நேரமே அனுமதி. ஆய்வுக்கு உரிய நேரத்தை விற்றே நம் மாணவர் வாடகை செலுத்த நேர்கிறது.

சிக்கனம் கற்பிப்பது மட்டும் தீர்வாகாது. படித்தொகையை வாழ்க்கைச் செலவுடன் இணைத்து ஆண்டுதோறும் உயர்த்துக என்பதே நம் கோரிக்கையாக வேண்டும். பணத்திற்காக எவரும் பாதியில் திரும்பும் நிலை 1917உடன் முடிந்திருக்க வேண்டும்.